காசு வராத பத்திரிகைகள்

1862ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் போர்ட் ஹியூரானுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் ஒரு பையன் செய்தித்தாளும் மிட்டாயும் விற்றுக்கொண்டிருந்தான். வயது 15. அடுத்தவர் அடித்த பேப்பரை விற்பதைவிட நாமே ஒன்றை அடித்து விற்றால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. பழைய சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, சாமான் ஏற்றும் பெட்டியின் ஒரு மூலையில் வைத்து, ஓடும் ரயிலிலேயே பத்திரிகை அடிக்க ஆரம்பித்தான். பத்திரிகையின் பெயர் 'கிராண்ட் டிரங்க் ஹெரால்ட்'. சுமார் 400 பிரதிகள் விற்றன.

அந்தப் பையன்தான் தாமஸ் ஆல்வா எடிசன்!

இந்தக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். எடிசன் பத்திரிகை நடத்தியது காசுக்காக. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் அதே நாட்டில் நூற்றுக்கணக்கான பையன்களும் பெண்களும் சொந்தமாகப் பத்திரிகை அடிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு சென்ட்கூட லாபம் கிடைக்கவில்லை. கையிலிருந்த காசுதான் போனது. இருந்தும் விடவில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார்கள்.

எதற்காக? எழுதிச் சம்பாதிக்காதவன் எதற்காக எழுத வேண்டும்? அதுவும் சொந்தச் செலவில்? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது. அந்தப் பதிலின் பெயர் 'அமெச்சூர் ஜர்னலிசம்'.

மேசை மேல் ஓர் அச்சகம்

எல்லாவற்றுக்கும் முதலில் ஓர் இயந்திரம் வேண்டும். 1860களின் கடைசியில் பாஸ்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வுட்ஸ் என்பவர் 'நாவல்டி பிரஸ்' என்ற சிறிய அச்சு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1872ல் கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரிலிருந்து கெல்சி நிறுவனம் இன்னும் மலிவான இயந்திரங்களோடு வந்தது. கடைக்காரர்கள் தங்கள் சீட்டுகளைத் தாங்களே அடித்துக்கொள்ளட்டும் என்பது ஒரு நோக்கம். ஆனால் சிறுவர் பத்திரிகைகளிலும் விளம்பரம் வந்ததால், அதை வாங்கித்தரச் சொல்லி வீட்டில் அடம்பிடித்த பிள்ளைகள் ஏராளம்.

இயந்திரம் வந்துவிட்டால் வேலை சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக மாற்றிக் கோக்க வேண்டும். மை உருளையை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தாளாக வைத்து அழுத்த வேண்டும். எழுத்துகள் குறைவாகத்தான் இருக்கும் என்பதால், ஒரு பக்கம் அடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைக் கோக்க முடியும். நான்கு பக்கப் பத்திரிகை என்றால் பள்ளி விட்டு வந்து பல நாள் மாலைப்பொழுது போய்விடும்.

இயந்திரம் இல்லாதவர்களும் சும்மா இருக்கவில்லை. 1868ல் வந்த லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' நாவலில் மார்ச் சகோதரிகள் நால்வரும் வீட்டுக்குள்ளேயே ஒரு பத்திரிகை நடத்துவார்கள். அதைப் படித்த பென்சில்வேனியாவின் லூக்கன்ஸ் சகோதரிகள் ஐந்து பேரும் 1871ல் தாங்களே 'லிட்டில் திங்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கையெழுத்தில் தொடங்கிப் பிறகு அச்சுக்கு வந்தது. அந்த நாவலாசிரியையே அவர்களுக்குக் கடிதம் எழுதி ஊக்கப்படுத்தினார்.

பத்திரிகைக்குப் பத்திரிகை

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒருவன் நூறு பிரதி அடிக்கிறான். வீட்டார், அக்கம்பக்கத்தார், வகுப்புத் தோழர்கள் என்று கொடுத்தால் இருபது போகும். மீதி எண்பதை என்ன செய்வது?

வேறு ஊரில் இதேபோல் பத்திரிகை அடிக்கும் இன்னொருவனுக்குத் தபாலில் அனுப்பினான். அவன் தன் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினான். அதன் கடைசிப் பக்கத்தில் இன்னும் பத்துப் பத்திரிகைகளின் பெயரும் விலாசமும் இருந்தன. அந்தப் பத்துப் பேருக்கும் அனுப்பினான். கொஞ்ச நாளில் தபால்காரர் தினமும் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

வணிகவியல் படிப்பவர்கள் இதைப் பண்டமாற்று என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆம், பண்டமாற்றுதான். பணத்துக்கு அங்கே வேலையில்லை. ஒரு பத்திரிகையின் விலை இன்னொரு பத்திரிகை. வரவு செலவுக் கணக்கு எழுதினால் தாள், மை, தபால்தலை என்று செலவுப் பக்கம் முழுக்க நிரம்பும். வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். சாதாரணப் பத்திரிகையில் எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஆயிரம் பேர். இங்கே படிக்கிற ஒவ்வொருவரும் எழுதுகிறவர். உன் கட்டுரையைப் படித்தவன் அடுத்த மாதம் தன் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதுவான். பாராட்டுவான், கிண்டல் செய்வான், பிழை கண்டுபிடிப்பான். நீ பதில் எழுதுவாய். முன்பின் பார்த்திராத இருவர் இப்படியே நண்பர்களாகிவிடுவார்கள்.

நண்பர்கள் பெருகினால் நேரில் பார்க்கத் தோன்றுவது இயல்பு. 1876ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூறாவது ஆண்டுக்காகப் பிலடெல்பியாவில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அதைச் சாக்காக வைத்து இந்தக் குட்டிப் பத்திரிகையாசிரியர்கள் அங்கே கூடினார்கள். ஜூலை 4ஆம் தேதி 'நேஷனல் அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன்' பிறந்தது. 1895ல் அதே நகரில் வில்லியம் கிரீன்ஃபீல்ட் என்ற 14 வயதுப் பையன் 'யுனைடெட் அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன்' என்று இன்னொன்றைத் தொடங்கினான். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், ஆண்டு மாநாடு, தேர்தல் எல்லாம் உண்டு. தேர்தல் என்றால் கோஷ்டிகளும் உண்டுதானே? அதுவும் தாராளமாக இருந்தது!

யாரைச் சேர்ப்பது?

தபாலில் பழகுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. எதிரில் இருப்பவரின் எழுத்து தெரியும், நிறம் தெரியாது. ஆனால் அந்த வசதியை நம்பியே ஒரு சமூகம் எப்போதும் ஓடிவிட முடியாது.

சின்சினாட்டியில் 'லெ பிஜூ' என்ற பத்திரிகையை நடத்தியவன் ஹெர்பர்ட் கிளார்க், கறுப்பினச் சிறுவன். அவனுடைய தந்தை பீட்டர் கிளார்க் அந்த நகரில் பெயர்பெற்ற கல்வியாளர். 1879ல் நேஷனல் அமைப்பு ஹெர்பர்ட்டை மூன்றாம் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. உள்நாட்டுப் போர் முடிந்து 14 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தென்மாநிலங்களைச் சேர்ந்த வெள்ளையினப் பையன்கள் பலர் கொதித்துப்போய்த் தனியாகப் பிரிந்தார்கள்.  

பொழுதுபோக்குக்குச் சேர்ந்த கூட்டம்தானே என்று அலட்சியமாக நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கூட்டமும் ஒருநாள் 'நம்மில் யார் யார்?' என்று கேட்டுக்கொள்ள நேரும். அன்றுதான் அதன் உண்மையான குணம் வெளியே வரும். நேஷனல் அமைப்பின் வாக்காளர்கள் அன்று ஒரு பதில் சொன்னார்கள். பிரிந்து போனவர்கள் இன்னொரு பதில் சொன்னார்கள்.

வீட்டை விட்டு வெளியே வராத மனிதர்

இந்தப் பத்திரிகைகள் ஒரு தனிமனிதனுக்கு என்ன செய்தன என்பதற்கு எச்.பி. லவ்கிராஃப்ட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. இன்று ஆங்கிலத் திகில் கதை உலகில் அவர் பெயரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் 1913ல் அவர் யாருமில்லை.

1890ல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். மூன்று வயது நிறையும் முன்பே தந்தை மனநல மருத்துவமனைக்குப் போனார், ஐந்தாண்டு கழித்து அங்கேயே இறந்தார். 1904ல் தாத்தாவும் போய்ச் சேர, குடும்பத்தின் செல்வமும் பெரிய வீடும் கைவிட்டுப் போயின. 1908ல் நரம்புத் தளர்ச்சி என்று பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தினார். அடுத்த ஐந்து வருடம் அம்மாவோடு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். வேலை இல்லை, கல்லூரி இல்லை, நண்பர்கள் அநேகமாக இல்லை. சிறுவனாக இருந்தபோது ஜெலட்டின் பலகையில் நகலெடுத்து வானியல் பத்திரிகை நடத்தியவர் அவர். கதைகளும் எழுதிப் பார்த்திருந்தார். எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

1913ல் 'ஆர்கசி' என்ற கதைப் பத்திரிகையில் வந்த காதல் கதைகள் பிடிக்காமல் அதன் ஆசிரியர் பகுதிக்குக் காட்டமாக ஒரு கடிதம் போட்டார். வாசகர்கள் திருப்பித் தாக்கினார்கள். அவர்களில் ஒருவர் செய்யுளிலேயே தாக்க, இவரும் செய்யுளிலேயே திருப்பி அடித்தார். மாதக்கணக்கில் சண்டை நடந்தது. இதைக் கவனித்துக்கொண்டிருந்த எட்வர்ட் டாஸ் என்ற யுனைடெட் அமைப்பின் உறுப்பினர், சண்டை போட்ட இருவரையுமே தங்கள் அமைப்பில் சேர அழைத்தார். நல்ல கண்தான்! வெறும் வாசகர் கடிதத்துக்கு இவ்வளவு உழைப்பவர்கள் பத்திரிகை நடத்தினால் எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

1914 ஏப்ரலில் லவ்கிராஃப்ட் சேர்ந்தார். 1915ல் 'தி கன்சர்வேடிவ்' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். 1923 வரை 13 இதழ்கள் வந்தன. மற்றவர்களின் பத்திரிகைகளை விமர்சிக்கும் குழுவுக்குத் தலைவரானார். 1917ல் அமைப்புக்கே தலைவரானார். பக்கத்துத் தெருவுக்குப் போகத் தயங்கியவர் ஊர் ஊராக நண்பர்களைப் பார்க்கக் கிளம்பினார். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரே கடிதக் கட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கை எழுதிச் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கிளைனர், கோல், மோ, லவ்கிராஃப்ட் என்ற நால்வரின் பெயர்களிலிருந்தும் முதல் எழுத்துகளை எடுத்து அந்தச் சுற்றுக்கு 'கிளைகோமோலோ' என்று பெயரும் வைத்தார்கள்.

மூட்டை கட்டிய கதைகளும் வெளியே வந்தன. டபிள்யூ. பால் குக் என்ற அச்சுத் தொழிலாளியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். லவ்கிராஃப்டின் இளவயதுக் கதைகளைப் படித்துவிட்டு, 'மறுபடியும் எழுது' என்று விடாமல் வற்புறுத்தினார். ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு 1917ல் லவ்கிராஃப்ட் மீண்டும் கதை எழுதினார். அவற்றில் ஒன்றான 'டேகன்' 1919ல் குக்கின் சொந்தப் பத்திரிகையில் வந்தது. ஒரு பைசா சன்மானம் கிடையாது. ஆனால் ஒரு வாசகன் கிடைத்தான். எழுதுபவனுக்கு முதல் மூலதனம் அதுதான்.

1921ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார் லவ்கிராஃப்ட். அழைப்பு வந்த நேரத்தில் செடிகொடி போல உயிர் மட்டும் வைத்துக்கொண்டு கிடந்ததாகவும், வாழ்க்கையையே தனக்குக் கொடுத்தது இந்த அமெச்சூர் உலகம்தான் என்றும் அதில் மனம் திறந்து சொல்லியிருக்கிறார்.

சண்டையும் நட்பும்

லவ்கிராஃப்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் அப்பட்டமான இனவெறியர். 1915லேயே அது வெளிப்பட்டுவிட்டது. சார்லஸ் ஐசக்சன் என்ற யூத இளைஞர் இன வெறுப்பைக் கண்டித்துத் தன் பத்திரிகையில் எழுத, லவ்கிராஃப்ட் தன் பத்திரிகையில் அவரைத் தாக்கினார். உடனே ஐசக்சனுக்கு ஆதரவாகக் களத்தில் இறங்கியவர் ஜேம்ஸ் எஃப். மார்ட்டன். இவர் சுதந்திரச் சிந்தனையாளர். 1906லேயே இன வெறுப்பை எதிர்த்துத் தனி நூல் எழுதியவர். லவ்கிராஃப்டின் வாதங்களை வரிவரியாகப் பிய்த்துப் போட்டார்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். அதே மார்ட்டன் சில ஆண்டுகளில் லவ்கிராஃப்டின் மிக நெருங்கிய நண்பர்களில் ஒருவரானார். சாகும்வரை இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1921 மே மாதம் தாயை இழந்த லவ்கிராஃப்ட், ஜூலையில் பாஸ்டனில் நடந்த அமெச்சூர் மாநாட்டுக்குப் போனார். அங்கே சோனியா கிரீன் என்ற பெண்ணைச் சந்தித்தார். சோனியா இன்றைய உக்ரைனிலிருந்து வந்து குடியேறியவர், யூதர். 'தி ரெயின்போ' என்ற அமெச்சூர் பத்திரிகையை நடத்தியவர். 1924ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

அப்படியென்றால் நட்பும் காதலும் அவருடைய வெறுப்பைக் கரைத்துவிட்டன என்று முடித்துவிடலாமா? முடியாது. நியூயார்க்கில் வாழ்ந்த காலத்தில் அவர் எழுதிய கடிதங்களில் அந்த வெறுப்பு இன்னும் கசப்பாகவே இருக்கிறது. திருமணமும் நிலைக்கவில்லை. 1926ல் பிராவிடன்ஸுக்கே திரும்பிவிட்டார். ஒரு சமூகம் தனிமையைப் போக்கலாம், திறமையைத் தீட்டலாம். மனிதனின் மனதைத் திருத்துவது அதன் கையில் முழுவதும் இல்லை. ஆனால் எதிர்த்துச் சொல்ல ஒரு மார்ட்டனாவது பக்கத்தில் இருந்தார் என்பதும் சின்ன விஷயமில்லை.

அந்த நெருப்பு பரவியது

சன்மானமும் இந்த வழியாகவே வந்தது. 1922ல் அமெச்சூர் நண்பர் ஒருவர் தொடங்கிய 'ஹோம் ப்ரூ' என்ற பத்திரிகைக்கு ஆறு பகுதிகளாக ஒரு திகில் கதை எழுதினார் லவ்கிராஃப்ட். பகுதிக்கு 5 டாலர். அடுத்த வருடம் நண்பர்களின் வற்புறுத்தலால் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகைக்குக் கதைகள் அனுப்பினார். நான்கு வருடம் முன்பு குக் இலவசமாக வெளியிட்ட 'டேகன்' 1923 அக்டோபரில் அங்கே வந்தது.

இதற்குள் வேறொரு கூட்டமும் உருவாகிக்கொண்டிருந்தது. 1926ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகை, வாசகர் கடிதங்களை முழு விலாசத்தோடு அச்சிட்டது. வாசகர்கள் பத்திரிகையை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்! 1930ல் ரசிகர்களே 'தி காமெட்' என்ற பத்திரிகையை வெளியிட்டார்கள். 1937ல் டொனால்ட் வோல்ஹைம் பழைய அமெச்சூர் அமைப்புகளின் முறையை அப்படியே எடுத்து ரசிகர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். உறுப்பினர்கள் தத்தம் பத்திரிகையின் பிரதிகளை ஒரே இடத்துக்கு அனுப்பினால், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி எல்லாருக்கும் அனுப்பிவைப்பார்கள். தபால் செலவு மிச்சம்.

இப்படி நகலெடுக்கப்பட்ட ஒரு ரசிகர் பத்திரிகையில்தான் 1933 ஜனவரியில் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகல் ஒரு கதை எழுதினார். படம் வரைந்தவர் அவருடைய பள்ளி நண்பர் ஜோ ஷூஸ்டர். கதையில் 'சூப்பர்மேன்' என்றொரு பாத்திரம், அப்போது வில்லன்! ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெயர் நாயகனாக உருமாறி உலகப் புகழ் பெற்றது. முதல் கதையோடு சேர்த்து அதன் உரிமையை இருவரும் விற்ற விலை 130 டாலர். இலவசமாக எழுதியபோது யாரும் அவர்களை ஏமாற்றவில்லை. காசு வாங்கிய இடத்தில்தான் நஷ்டப்பட்டார்கள்.

கணக்கு நேராகிறது

1937 மார்ச் 15ல், 46 வயதில் லவ்கிராஃப்ட் புற்றுநோயால் இறந்தார். கையில் காசில்லை. எந்தப் பெரிய பதிப்பகமும் அவருடைய கதைகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கவில்லை. வணிகக் கணக்கில் முழுத் தோல்வி.

ஆனால் அவர் பல்லாயிரம் கடிதங்களை எழுதியிருந்தார். அமெச்சூர் உலகில் கற்ற பழக்கம், தேடி வந்த எந்த இளைஞனுக்கும் பதில் போடாமல் விட்டதில்லை. அந்த இளைஞர்களில் இருவர் ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வான்ட்ரெய். இதில் டெர்லெத் அவரை நேரில் பார்த்ததே கிடையாது. கடிதப் பழக்கம் மட்டும்தான். பெரிய பதிப்பகங்கள் கையை விரித்ததும் இருவரும் சேர்ந்து 'ஆர்க்கம் ஹவுஸ்' என்று சொந்தப் பதிப்பகமே தொடங்கிவிட்டார்கள். 1939ல் லவ்கிராஃப்டின் கதைத் தொகுப்பு வந்தது. அச்சடித்தது 1,268 பிரதிகள். விற்றுத் தீரவே சில வருடங்கள் ஆயின. அந்தப் புத்தகம் மட்டும் வராமல் போயிருந்தால் அவருடைய பெயர் பழைய காகிதங்களோடு மட்கிப் போயிருக்கும்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது திரும்பலாம். சம்பாதிக்காதவன் எதற்காக எழுத வேண்டும்? 'அமெச்சூர்' என்ற சொல்லே லத்தீனில் 'அன்பு செய்தல்' என்ற வேரிலிருந்து வந்தது. நாளடைவில் அரைகுறை, கற்றுக்குட்டி என்ற பொருள் அதோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பையன்களும் பெண்களும் பழைய பொருளை நம்பினார்கள். தன் பெயரை அச்சில் பார்க்கும் ஆசையில் முதல் இதழை அடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆசை ஓர் இதழோடு தீர்ந்துவிடும். இரண்டாவது இதழை அடிக்க வைத்தது, முதல் இதழுக்கு எங்கோ முகம் தெரியாத ஊரிலிருந்து வந்த பதில்.

செலவுப் பக்கத்தில் தாள், மை, தபால்தலை. வரவுப் பக்கத்தில் ஒரு குக், ஒரு மார்ட்டன், ஒரு டெர்லெத். எந்தத் தணிக்கையாளரும் இந்த வரவை ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆனாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.